விலையும் பெறுமதியும்: ஜெபர்சன் பேர்டிக் வாழ்க்கை

பொன்னும் மணியும் சேர்த்து வைத்தோர் வரலாற்றை உலகம் எளிதில் மறப்பதில்லை. பழங்காசுகளையும் ஏட்டுச் சுவடிகளையும் ஊரூராகத் தேடித் தொகுத்தோரை அறிஞர் போற்றுவர். ஆனால், பண்டத்தை எடுத்துக்கொண்டபின் எவரும் குப்பையில் எறிந்துவிடும் சிறிய பட அட்டைகளைப் பொறுக்கியெடுத்து, அவற்றுக்குப் பெயரிட்டு, இனம் வகுத்து, விலையுங் குறித்து, ஈற்றில் உலகப் புகழ் வாய்ந்த ஒரு நூதனசாலையிலே அவற்றுக்கு நிலையான இடமும் தேடிக் கொடுத்த ஒருவர் இருந்தார் என்றால், அவர் வாழ்க்கை நாம் அறியத்தக்கதேயாம். அவர்தாம் அமெரிக்கராகிய ஜெபர்சன் பேர்டிக். 1900 ஆம் ஆண்டிற் பிறந்து 1963 ஆம் ஆண்டில் மறைந்தவர்.

இன்று விளையாட்டு வீரர் படம் பொறித்த ஓர் அட்டை பல இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று என்னும் செய்தி பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றது. அச் செய்தியைப் படிப்போர் வியப்பர், சிலர் நகைப்பர். அவ்வாறான விலைகளுக்கெல்லாம் முதற் கணக்கு எழுதியவர் பேர்டிக் என்பதையும், அக் கணக்கை எழுதியவரே தம் அட்டைகள் அனைத்தையும் ஒரு சதமேனும் பெறாது நாட்டுக்கு வழங்கிவிட்டார் என்பதையும் அறிந்தோர் சிலரே. விலை என்பது யாது, பெறுமதி என்பது யாது என்னும் வினாவுக்கு அவர் வாழ்க்கையினும் தெளிந்த விடையைக் காண்டல் அரிது.

அட்டைகள் தோன்றிய வகை

அவர் வாழ்க்கையைக் கூறுமுன், அவர் சேர்த்த பொருள் எவ்வாறு தோன்றியது என்பதைச் சிறிது கூறல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே அமெரிக்காவிற் சிகரெட்டுகள் மெல்லிய தாட்பொதிகளில் விற்கப்பட்டன. பொதி நசுங்கினால் உள்ளிருப்பவை ஒடிந்துபோம். அதனைத் தடுத்தற்பொருட்டுக் கம்பனியார் பொதிக்குள்ளே தடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி வைத்தனர். வெறும் அட்டையை வைப்பதிலும் பார்க்க, அதிலே ஒரு படத்தை அச்சிட்டால் வாங்குவோர் மனத்தைக் கவரலாம் என்று அவர்கள் கண்டனர். 1880 ஆம் ஆண்டுகளில், வேர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரிலிருந்த அலன் அன்ட் ஜின்ரர் என்னும் கம்பனியார் இத்துறையில் முன்னின்றனர். பறவைகள், நாட்டுக் கொடிகள், செவ்விந்தியத் தலைவர்கள், நடிகையர், மல்லர், பேஸ்போல் வீரர் எனப் பல்வேறு படங்கள் பல வண்ணங்களில் வெளிவந்தன. ஒரு தொகுதியில் ஐம்பது படங்கள் உள என்றால், நாற்பத்தொன்பதைப் பெற்றவன் ஐம்பதாவதைத் தேடி மீண்டும் கடைக்குச் செல்வான். மனித மனத்தின் இவ்வியல்பே அட்டைகளின் முதலீடாயிற்று.

1890 ஆம் ஆண்டிற் பெரிய கம்பனிகள் ஐந்து ஒன்றாகி அமெரிக்கன் புகையிலைக் கம்பனி என்னும் பெயரில் இயங்கத் தொடங்கின. போட்டி ஒழிந்ததும் அட்டைகளுங் குறைந்தன. பின்னர் 1909 முதல் 1911 வரை பேஸ்போல் வீரர் படங்கள் கொண்ட பெருந்தொகுதி ஒன்றை அதே கம்பனியார் வெளியிட்டனர். புகையிலைக்குப் பின் மிட்டாய், சூயிங்கம், பாண் ஆகியவற்றை விற்போரும் அட்டைகளைக் கையாளலாயினர். புகைப்போர் எறிந்த படத்தைப் பொறுக்கித் திரிந்த சிறுவர்கள் இப்போது தாமே வாங்குவோராயினர்.

கனடாவில் இவ்வழக்கம் ஹொக்கி வீரர்களைப் பற்றிக்கொண்டது. ஈண்டு ஹொக்கி என்றது நம் பாடசாலைகளிற் புற்றரைமேல் ஆடப்படுவதையன்று. உறைந்த பனிக்கட்டித் தரையிற் சறுக்கும் பாதணி பூண்டு ஆடுவதையேயாம். 1910 முதல் 1913 வரை மூன்று பருவங்களிலே முறையே 36, 45, 50 அட்டைகள் கொண்ட மூன்று தொகுதிகள் அங்கே சிகரெட்டுப் பொதிகளில் வந்தன. அவை வெளிவந்த காலத்தில் அவற்றைப் பொருளாக மதித்தவர் எவருமிலர்.

இளமையும் தொழிலும்

அத்தகைய அட்டைகள் சிறுவர் கைகளில் உலாவிய காலமும் பேர்டிக் சிறுவராயிருந்த காலமும் ஒன்றே. நியூயோர்க் மாநிலத்தின் நடுப்பகுதியிலே, சிரக்கியூஸ் நகருக்கு அண்மையிலுள்ள சென்ற்ரல் ஸ்குவயர் என்னுஞ் சிற்றூரில், கமத்தொழில் செய்யுங் குடும்பத்தில் அவர் தோன்றினார். இளமையிலேயே அட்டைகளிற் பற்றுடையராயினார். சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்திற் பயின்று 1922 ஆம் ஆண்டில் வெளியேறினார். பின்னர், அந் நகரிலிருந்த குறவுஸ்-ஹைன்ட்ஸ் என்னும் மின்சாரப் பொருட் கம்பனியிலே, சிறு சிறு உறுப்புகளை ஒன்றோடொன்று பொருத்துந் தொழிலில் அமர்ந்து நெடுங்காலம் உழைத்தார்.

அவர் செல்வரல்லர். மனைவி மக்கள் இலர். பெரிய மாளிகையோ அறிஞர் கூட்டமோ அவரைச் சூழ்ந்திருக்கவில்லை. வாடகை அறையும், தொழிற்சாலைச் சம்பளமும், அஞ்சலில் வந்து சேரும் உறைகளுமே அவர் உலகம். வாலிபப் பருவத்திலேயே மூட்டுவாத நோய் அவரைப் பற்றிக்கொண்டது. கை விரல்களும் முழங்கால்களும் நாளடைவில் வளைந்து இறுகத் தொடங்கின. சின்னஞ்சிறு அட்டைகளை எடுத்தும் திருப்பியும் அடுக்கியும் செய்யவேண்டிய பணிக்குத் தம்மை ஒப்புவித்த ஒருவருக்கு விரல்களே பகையாய் அமைந்தமை விதியின் கொடுமை எனலாம். ஆயினும் அவர் அப் பணியைக் கைவிடவில்லை. நோய் முதிருந்தோறும் முயற்சியும் முதிர்ந்தது.

பேஸ்போல் ஆட்டத்தில் மோகங் கொண்டு அவர் இதிற் புகுந்தாரல்லர் என்பது கருதத்தக்கது. ஆட்ட வீரனும் அவருக்கு ஒன்றே, பறவையும் ஒன்றே, கொடியும் ஒன்றே. வாழ்த்து மடல், தபாலட்டை, சுருட்டிற் சுற்றிவரும் வண்ணப் பட்டி ஆகியவற்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு காலத்து மக்கள் எதனை விரும்பினர், எதனைக் கண்டு மகிழ்ந்தனர், எதனை அழகெனக் கருதினர் என்பவற்றைப் பெரிய நூல்கள் கூறாது விடுத்தாலும், இத் துண்டுக் காகிதங்கள் கூறும் என்பது அவர் துணிபு.

பெயரிட்டு வகுத்தல்

1930 ஆம் ஆண்டுகளில் அட்டை சேர்ப்போர் ஆங்காங்கே தனித்தனியே இருந்தனர். ஒருவரை ஒருவர் அறியார். அறிந்தாலும், தம்மிடம் உள்ளது யாது, வேண்டுவது யாது என்பதை எழுத்தில் விளக்க வழியில்லை. ஏனெனில், பெரும்பாலான தொகுதிகளுக்குப் பெயரே இல்லை. பெயரில்லாத பொருளைப்பற்றி இருவர் உரையாடுதல் எங்ஙனம்? வெள்ளை ஓரமுடைய படம் என்பார் ஒருவர். அத்தகைய தொகுதிகளோ பல.

இக் குறையை நீக்க முன்வந்தவர் பேர்டிக். முதலிற் சேகரிப்போர் சஞ்சிகைகளிற் கட்டுரைகள் எழுதினார். 1937 ஆம் ஆண்டில் அட்டை சேர்ப்போருக்கென ஒரு செய்தி மடலைத் தாமே தொடங்கி நடத்தினார். 1939 ஆம் ஆண்டில் அமெரிக்க அட்டைகள் பற்றிய விபரப்பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதனை விரித்துத் திருத்தி, அமெரிக்க அட்டை விபரப்பட்டியல் என்னும் பெயருடன் 1946, 1953, 1960 ஆம் ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் பதிப்பித்தார். நண்பர் பலர் தகவல் உதவினர். ஆயினும் அடித்தளம் இட்டவர் அவரே.

அவர் வகுத்த முறை மிக எளியது. அட்டை எப் பண்டத்தோடு வந்தது, எக் காலத்தில் வந்தது என்னும் இரண்டையும் நோக்கி ஓர் ஆங்கில எழுத்தை அதற்கு அடையாளமாக இட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு ‘என்’. இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு ‘ரி’. முற்கால மிட்டாய் அட்டைகளுக்கு ‘ஈ’. பிற்கால மிட்டாய், சூயிங்கம் அட்டைகளுக்கு ‘ஆர்’. பாண் விற்போர் அட்டைகளுக்கு ‘டி’. கனடா நாட்டுப் புகையிலை அட்டைகளுக்குச் ‘சி’ எனவும், அந் நாட்டு மிட்டாய் அட்டைகளுக்கு ‘வி’ எனவும் தனி எழுத்துகள் வகுத்தார். எழுத்துக்குப் பின் ஓர் எண். அவ்வளவே.

மேலே கூறிய 1909 ஆம் ஆண்டுப் பேஸ்போற் பெருந்தொகுதி இம் முறையில் ரி-206 ஆயிற்று. கனடாவின் மூன்று ஹொக்கித் தொகுதிகளும் முறையே சி-56, சி-55, சி-57 என நின்றன. இவற்றிற் சி-55 என்பது மொன்றியல் நகரத்துக் குழுவின் புகழ்பெற்ற கோல் காப்பாளர் ஜோர்ஜ் வெசினாவின் முதல் அட்டையைக் கொண்டது. 1925 ஆம் ஆண்டில் ஆட்டக் களத்திலேயே நோயுற்று வீழ்ந்து, 1926 ஆம் ஆண்டிற் காசநோயால் இறந்த அவ் வீரரின் பெயரால் இன்றும் ஒரு விருது வழங்கப்படுகின்றது. அவர் அட்டையைத் தேடுவோர் இன்றும் சி-55 என்னுங் குறியீட்டாலேயே தேடுகின்றனர். பேர்டிக் மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்தும், சந்தைகள் எத்தனையோ மாறியும், அவர் இட்ட பெயர்கள் மாறவில்லை. இலக்கணம் வகுத்தோர் பெயரை மறந்தும் அவ்விலக்கணத்தின்படியே உலகம் பேசுவது போன்றது இது.

மதிப்பிடும் முறை

பெயர் வைத்தபின் விலை குறிக்கவேண்டியதாயிற்று. அஞ்சல் வழியாகத் தொலைவிலுள்ள ஒருவரோடு அட்டை மாற்றுவோர் ஏமாறாதிருத்தற்கு ஒரு பொது அளவு இன்றியமையாதது. ஆதலின் விபரப்பட்டியலில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு விலை குறித்தார். பெரும்பாலான அட்டைகளுக்கு அவர் குறித்த விலை சில சதங்களேயாம்.

அட்டையின் பெறுமதியை ஆராய்வோர் நோக்கத்தக்கன முக்கியமாக மூன்று. அது எத்துணை அரியது என்பது ஒன்று. எத்தகைய நிலையில் உள்ளது என்பது மற்றொன்று. அதனை வேண்டுவோர் எத்துணையர் என்பது மூன்றாவது. இவற்றுள் ஒன்று மட்டும் இருந்தாற் போதாது. மிக அரிய அட்டையாயினும் தேடுவார் இல்லையேல் விலை இல்லை. யாவரும் விரும்பும் வீரனின் அட்டையாயினும் வீடுதோறும் இருக்குமேல் அதற்கும் விலை இல்லை.

அருமை தோன்றும் வழிகளும் பல. ரி-206 தொகுதியில் ஹொனஸ் வாக்னர் என்னும் பெருவீரரின் அட்டை ஒன்று உண்டு. தம் படத்தைப் பயன்படுத்த அவர் இசையவில்லை. சிறுவர் தம் படத்துக்காகப் புகையிலை வாங்குதலை அவர் விரும்பவில்லை என்பர் ஒரு சாரார். தமக்குரிய பணம் தரப்படாமையே காரணம் என்பர் மற்றொரு சாரார். எவ்வாறாயினும் அச்சிடுதல் விரைவில் நிறுத்தப்பட்டது. சில பிரதிகளே வெளியில் உலாவின. சாதாரண அட்டைகளுக்குச் சதக் கணக்கில் விலை குறித்த பேர்டிக், இவ்வொன்றுக்கு 50 டொலர் குறித்தார். அக்காலத்துத் தொழிலாளி ஒருவருக்கு அது சிறு தொகையன்று.

வணிகரின் சூழ்ச்சியாலும் அருமை பிறப்பதுண்டு. 1933 ஆம் ஆண்டில் கௌடி என்னும் சூயிங்கம் கம்பனியார் 240 அட்டைகள் கொண்ட தொகுதியை வெளியிட்டபோது 106 ஆம் இலக்கத்தை வெளியிடாமலே விட்டனர். இல்லாத அட்டையைத் தேடிச் சிறுவர் காசைச் செலவிட்டனர். முறையிட்டு எழுதியோருக்கு மறு ஆண்டில் நப்போலியன் லாஜொய் என்னும் பழைய வீரரின் படத்தை அவ் விலக்கத்தில் அச்சிட்டு அனுப்பினர். கனடாவிலும் 1923-24 ஆம் பருவத்து வில்லியம் பற்றர்சன் மிட்டாய்க் கம்பனியின் ஹொக்கித் தொகுதியில் நாற்பது அட்டைகளுள் 25 ஆம் இலக்கமாகிய பேர்ட் கோர்போவின் அட்டை ஒன்றே காண்டற்கரியது. பேர்டிக்கின் முறையில் வி-145 என வழங்கும் அத் தொகுதியை நிறைவாக வைத்திருப்போர் மிகச் சிலர். வீரர்களுள் அவரினும் பெயர்பெற்றோர் அதே தொகுதியில் இருக்கவும், தொகுதியை நிறைவிக்கும் ஓர் அட்டைக்கே உயர்ந்த விலை. ஆட்டத் திறன் வேறு, அட்டையின் அருமை வேறு என்பதற்கு இது சான்று.

இவற்றையெல்லாம் நன்குணர்ந்தவர் பேர்டிக். விலையை அறிந்தவர்க்கு விலைமேல் ஆசை எழுதல் இயல்பு. அவர்க்கு அது எழவில்லை.

நூதனசாலைக்கு வழங்கியது

நாற்பத்தேழு வயதில், நோய் மிகுந்துவருவதை உணர்ந்த அவர், தமக்குப்பின் இத் தொகுதி யாதாகும் எனச் சிந்தித்தார். சேகரிப்போர் இறந்தபின் அவர் சேர்த்தவை ஏலத்திற் சிதறிப் பல திசைகளிற் போவதே வழக்கம். சிதறிய தொகுதி மீண்டும் ஒன்று சேராது. ஒன்றாயிருந்தபோது அது சொல்லிய கதையும் அத்தோடு அழிந்துபோம்.

1947 ஆம் ஆண்டில் அவர் நியூயோர்க் நகரிலுள்ள மெற்றோபொலிற்றன் கலை நூதனசாலையை அணுகினார். மேதைகளின் ஓவியங்களும் எகிப்து, கிரேக்க நாட்டுச் சிற்பங்களும் விளங்கும் அம் மண்டபத்திலே சிகரெட்டு அட்டைக்கு இடங் கேட்டவர் அவர். ஏளனத்துக்குரிய வேண்டுகோளெனப் பலர் தள்ளியிருக்கக்கூடும். ஆனால் அச்சுப்படப் பகுதியின் பொறுப்பாளராயிருந்த ஹயட் மேயர் பரந்த நோக்கினர். அச்சுக்கலை செல்வர்க்கு மட்டும் உரியதன்று. பொதுமக்கள் கையில் உலாவிய மலிவான படமும் அக் கலையின் வரலாற்றில் ஒரு பகுதி என்பதை அவர் நன்கறிவார். ஆதலின் ஏற்றுக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை: இலட்சக்கணக்கான அட்டைகளை ஒழுங்குபடுத்தி அல்பங்களிற் பொருத்தும் வேலையைக் கொடையாளியே செய்து தரல்வேண்டும். வேறெவர்க்கு அது இயலும்?

பேர்டிக் இசைந்தார். சிரக்கியூசிலிருந்து பெட்டி பெட்டியாக அட்டைகள் நியூயோர்க்குக்குச் சென்றன. தொழிலை விடாது இப் பணியையும் அவர் தொடர்ந்தார். 1959 ஆம் ஆண்டில், உடல் இனி இடங்கொடாது என்னும் நிலையில் கம்பனியிலிருந்து ஓய்வுபெற்று, நூதனசாலைக்கு நடந்து செல்லக்கூடிய அயலிலே குடியேறினார்.

பதினைந்து ஆண்டுத் தவம்

அச்சுப்படப் பகுதியின் ஒரு மூலையில் அவருக்கு ஒரு சிறு மேசை கொடுக்கப்பட்டது. நாள்தோறும் அங்கே வந்து அமர்வார். அட்டையை எடுத்து, இனங் கண்டு, வரிசை நோக்கிப் பக்கத்தில் வைத்து, பசையிட்டு ஒட்டுவார். விரல்கள் மடங்கா; தோள் உயராது; மேலங்கியை அணிதலும் களைதலுமே பெருந் துன்பமாயின. அவர் படும் பாட்டைக் கண்டோர் உள்ளம் உருகினர். அவரோ தம் நோயைப் பொருட்படுத்தாது, எஞ்சிய அட்டைகளையே எண்ணினார்.

தொகுதி முழுவதும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டது. அவற்றுட் பேஸ்போல் அட்டைகள் மட்டும் முப்பதினாயிரத்துக்கு மேல். பதினைந்து ஆண்டுகளாற் பகுத்துப் பார்த்தால் ஆண்டொன்றுக்கு இருபதினாயிரம் அட்டைகள். ஓய்வின்றி உழைத்தாலும் நாளொன்றுக்கு ஐம்பதுக்கு மேல். நலமுடைய கைகளுக்கே இது கடுமையான வேலை. வளைந்த கைகள் அதனைச் செய்தன.

மருத்துவர் கொடுத்த காலம் குறுகிக்கொண்டே வந்தது. முடியுமுன் முடித்தல் வேண்டும் என்னும் ஒரே எண்ணத்தோடு அவர் உழைத்தார். 1963 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 10 ஆந் திகதி மாலையில் இறுதி அட்டையும் ஒட்டப்பட்டது. வருத்தத்தோடு எழுந்து, மேலங்கியை அணிந்து, இனித் தாம் வரப்போவதில்லை என்று அங்கிருந்தோருக்கு அமைதியாகத் தெரிவித்துவிட்டு வெளியே நடந்தார். மறுநாள் தாமாகவே வைத்தியசாலைக்குச் சென்று சேர்ந்தார். மீளவில்லை. இரண்டு மாதங்களின் பின், மார்ச் மாதம் 13 ஆந் திகதி அவர் உயிர் பிரிந்தது. எடுத்த காரியத்தை முடிக்கும்வரை உயிரைப் பிடித்துவைத்திருந்தார் போலும் எனக் கூறுதல் மிகையாகாது.

அவருக்குப் பின்

அவர் மறைந்தபின் அட்டைகளின் உலகம் வேறாயிற்று. சிறுவர் விளையாட்டாயிருந்தது பெருவணிகமாயிற்று. 1991 ஆம் ஆண்டிலே, அட்டையின் மூலை, ஓரம், மேற்பரப்பு, படத்தின் நடுநிலை ஆகியவற்றை ஆராய்ந்து ஒன்று முதற் பத்துவரை புள்ளியிட்டுக் கண்ணாடி போன்ற உறையில் அடைத்துத்தரும் நிறுவனமும் தோன்றியது. அதே ஆண்டில், கனடாவிற் பிறந்த ஒப்பற்ற ஹொக்கி வீரராகிய வெய்ன் கிரெற்ஸ்கி, ஒரு பங்காளியோடு சேர்ந்து, பேர்டிக் 50 டொலர் குறித்த அதே வாக்னர் அட்டையின் பிரதி ஒன்றை 451,000 டொலருக்கு ஏலத்தில் எடுத்தார். புதிய நிறுவனம் முதன்முதற் புள்ளியிட்ட அட்டையும் அதுவே. பத்துக்கு எட்டு பெற்றது. 2007 ஆம் ஆண்டில் அது 28 இலட்சம் டொலருக்குக் கைமாறியது. 2013 ஆம் ஆண்டிலோ, அதனை முன்னர் விற்ற வணிகர் ஒருவர், அதன் ஓரங்களைத் தாம் வெட்டிச் சீராக்கினமையை நீதிமன்றில் ஒப்புக்கொண்டார். அழகுக்குக் காரணமாயிருந்தது கத்தரிப்பே எனத் தெரிந்தது. மற்றொரு வாக்னர் பிரதி 2022 ஆம் ஆண்டில் 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு விற்பனையாயிற்று.

கிரெற்ஸ்கியின் சொந்த அட்டையும் இவ்வாறே உயர்ந்தது. 1979 ஆம் ஆண்டில் ஒன்ராறியோ மாகாணத்து ஓ-பீ-சீ கம்பனியார் வெளியிட்ட அவரது முதல் அட்டை, சிறுவர் சில சதத்துக்கு வாங்கிய பொதியில் வந்தது. ஓரத்து நீல நிறம் எளிதில் உதிரும். வெட்டும் முறையாற் கரைகள் சொரசொரப்பாகும். படம் நடுவில் அமைவதும் அரிது. ஆதலின் பத்துக்குப் பத்துப் புள்ளி பெற்றவை இரண்டே. அவற்றில் ஒன்று 2020 ஆம் ஆண்டில் 12 இலட்சத்து 90 ஆயிரம் டொலருக்கும், மறு ஆண்டில் 37 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கும் விலைபோயிற்று.

விலை ஏறக் கண்டோர் பேராசை கொண்டனர். 1990 ஆம் ஆண்டளவிற் பல கம்பனிகள் புதிதாக ஹொக்கி அட்டை வெளியிடப் புகுந்து, கணக்கின்றி அச்சிட்டன. பிற்காலத்திற் பொருள் தரும் என நம்பி, வாங்கியோர் யாவரும் ஒன்றையும் எறியாது பெட்டிகளிற் பூட்டி வைத்தனர். எல்லாரும் காத்தமையால் எதுவும் அரிதாகவில்லை. இன்று அவற்றுட் பெரும்பாலானவை வாங்கிய விலைக்கும் போகா. பழைய அட்டைகள் அரியனவானமைக்குக் காரணம், அவற்றை எவரும் பொருளாக மதியாது எறிந்தமையே. பொருளாசையோடு காத்தவை பெறுமதி இழந்தன. மதியாது எறிந்தவற்றுள் எஞ்சியவை பெறுமதி பெற்றன.

இன்னுமொன்று. பசையிட்டு ஒட்டிய அட்டைக்கு இன்றைய சந்தையில் மதிப்புக் குறைவு. பின்புறம் சிதைந்தது என்று புள்ளியைக் குறைத்துவிடுவர். பேர்டிக் தம் கையாற் பசை தடவி ஒட்டிய பல்லாயிரம் அட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுசென்றால், புள்ளியிடுவோர் தலையசைத்து மறுப்பர். ஒட்டியது தவறெனக் கூறும் சேகரிப்போரும் உளர். காகிதத்தைப் பேணும் இன்றைய அறிவியலும் அம்முறையை விரும்பாது. ஆனால் அவர் ஒட்டியது விற்பதற்கன்று. ஒட்டிய அட்டை வரிசை குலையாது. எவர் கையிலும் நழுவாது. பக்கத்தைப் புரட்டுவோர் ஒரு காலத்தின் முழுமையையும் ஒரே பார்வையிற் காண்பர். தனியட்டையின் விலையைக் கொடுத்துத் தொகுதியின் ஒருமையை அவர் வாங்கினார் எனலாம்.

அத் தொகுதி இன்றும் மெற்றோபொலிற்றன் நூதனசாலையிலேயே உள்ளது. அதிலிருந்து சிற்சில அட்டைகளை முறைமாற்றிக் காட்சிக்கு வைக்கின்றனர். படம் பிடித்து இணையத்திலும் பலவற்றை இட்டுள்ளனர். காசு கொடுத்து ஓர் அட்டையும் வாங்க இயலாத சிறுவன்கூட அவற்றைக் கண்டு மகிழலாம். வாக்னர் அட்டையும் அங்கே உண்டு. அதனை எவரும் விலை பேசுவதில்லை.

நம் மாணவர்களும் முத்திரை, காசு, படம் என ஏதேனும் ஒன்றைச் சேர்ப்பதுண்டு. அவர்களைக் காணும் பெரியோர், இதனாற் பயன் என்ன என்றேனும், இது என்ன விலை பெறும் என்றேனும் வினவுவர். இவ்விரு வினாவும் ஒன்றல்ல. பேர்டிக் பின்னைய வினாவுக்குச் சதக் கணக்கில் விடை எழுதி அச்சிற் பதிப்பித்தார். முன்னைய வினாவுக்கான விடையை எழுதவில்லை. மடங்காத விரல்களால் மூன்று இலட்சம் முறை பசையிட்டு ஒட்டிக் காட்டினார். பொருளைச் சேர்த்தவன் அதற்குக் காவலனேயன்றி உடையவனல்லன் என்பதை உணர்ந்து, பெயரிட்டு, இனங் கண்டு, பின்வருவோர் கையிற் சேர்ப்பித்துப் போதலே சேகரிப்போர் கடன். அக் கடனைக் குறைவின்றி இறுத்துச் சென்றவர் ஜெபர்சன் பேர்டிக்.